கண்டி வீதியில் நின்றவர்களும் நிறுத்தப்பட்டவர்களும்

மார்கழியில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டதும் கொழும்பிலிருந்து மலைநாடு நோக்கிப் போகும் வாகனங்களின் வரிசை நீண்டுவிடும். சிவனொளிபாத மலைப் பருவமும் மார்கழிப் பூரணையோடு தொடங்கிவிடுவதால் யாத்திரிகர் கூட்டமும் அதில் சேர்ந்துகொள்ளும். தொலைவு ஏறத்தாழ 115 கிலோமீற்றர்தான். ஆனால் இந்தப் பயணத்தை எவரும் ஒரே மூச்சில் முடிப்பதில்லை. பஸ்யாலையைத் தாண்டியதும் கஜுகமவில் பெண்கள் கஜுப் பருப்பை அடுக்கிவைத்து விற்கும் சிறு கொட்டில்கள், றதாவடுன்னையில் வீதியோரம் தொங்கும் பிரம்புக் கூடைகள், வரக்காப்பொலையில் கெந்த இலையில் மடித்து அவித்த குரக்கன் ஹலப்பவும் எள்ளுருண்டையும், மாவனெல்லை தாண்டி வாசனைத் திரவியத் தோட்டங்கள், கடுகண்ணாவை ஏற்றத்தில் பனிமூட்டத்துக்கு நடுவே ஒரு பிளேன்டீ. நின்று நின்று போவதுதான் கண்டிப் பயணம் என்றாகிவிட்டது. இந்த நிற்றலை நாம் பொழுதுபோக்கு என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் கண்டிக்குப் போகும் பாதைகளின் நானூறு ஆண்டுக் கதையை ஓரளவு முழுமையாகச் சொல்ல வேண்டுமானால் இந்த நிறுத்தங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். யார் தாமாக நின்றார்கள், யார் நிறுத்தப்பட்டார்கள், நிறுத்தியவர் நிழல் கொடுத்தாரா, சோதனை போட்டாரா என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்களே, அந்தந்தக் காலத்தில் பாதை யாருடையதாக இருந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன.

இந்தப் பாதையின் வரலாறு வழக்கமாக வேறு விதமாகத்தான் சொல்லப்படுகிறது. 1815 மார்ச் 2ஆம் திகதி, கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மலைகளுக்கு நடுவே ஒதுங்கியிருந்த அரசைத் தொடர்ந்து பிடியில் வைத்திருக்கப் படையும் பீரங்கியும் போகக்கூடிய பாதை வேண்டும் என்று ஆங்கிலேய ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் முடிவுசெய்தார். 1820இல் வேலை தொடங்கியது. அரச பொறியியல் படையைச் சேர்ந்த கப்டன் டோசன் பாதையை வகுத்தார். கடுகண்ணாவையில் குறுக்கே நின்ற பாறையைக் குடைந்தார்கள். பாறையைத் துளைத்து வருபவனுக்கே கண்டி அடிபணியும் என்றொரு பழைய வாக்கு இருந்ததாகவும், அது பலித்துவிட்டதாகவும் ஒரு கதை இன்றும் வழங்குகிறது. டோசன் 1829இல் இறந்தார். 1832இல் அவர் நினைவாகக் கடுகண்ணாவையில் 125 அடி உயரக் கோபுரம் எழுந்தது. அதே ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதி கொழும்பு–கண்டி அஞ்சல் குதிரைவண்டி ஓடத் தொடங்கியது; ஆசியாவிலேயே இதுதான் முதலாவது என்று இலங்கையில் பெருமையாகச் சொல்வதுண்டு. அடுத்த ஆண்டு பேராதனையில் மகாவலியின் குறுக்கே முதிரை மரத்தால் ஒரே வளைவாக அமைந்த 205 அடிப் பாலம் எழுந்தது. 1905இல் இரும்புப் பாலம் வரும்வரை அது நின்றது. இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இது பாதையை வெட்டுவித்தவர்களின் வரலாறு. அதில் நடந்தவர்கள் இந்தக் கதைக்குள் இல்லை.

ஆங்கிலேயர் வருவதற்கு முன் கண்டிக்குப் பாதையே இருக்கவில்லை என்ற எண்ணமும் இந்தக் கதையின் துணைவிளைவுதான். பாதைகள் ஏராளமாக இருந்தன. அகலமாக இருக்கவில்லை, அவ்வளவே. கண்டி மன்னர்கள் அவற்றை வேண்டுமென்றே ஒடுக்கமாக வைத்திருந்தார்கள். பீரங்கி வண்டி ஏற முடியாத ஒற்றையடிப் பாதையே அவர்களுக்குக் கோட்டை மதில். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறைக்காவலில் வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ், தப்பிச் சென்றபின் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் இந்தப் பாதைகளை விரிவாக விவரிக்கிறார். கணவாய்களில் முட்கதவுகள் தொங்கின. காவலர் இரவு பகலாக நின்றார்கள். கடந்து போக வேண்டியவர் களிமண்ணில் பதித்த முத்திரையைக் காட்ட வேண்டும். எழுத்தறியாத காவலரும் புரிந்துகொள்ளும் வகையில் முத்திரையில் உருவங்கள் இருந்தன: படைவீரனுக்குத் தோளில் ஈட்டி ஏந்தியவன், கூலியாளுக்குத் தண்டின் இரு முனையிலும் பை தொங்கச் சுமந்து செல்பவன், வெள்ளையனுக்கு இடையில் வாளும் தலையில் தொப்பியும் கொண்டவன். வழியில் போகிறவர் எந்த வகை ஆள் என்பதை அரசு முன்கூட்டியே முடிவுசெய்து மண்ணில் அச்சடித்துக் கொடுத்தது. கண்டி வீதியில் நமக்குத் தெரிந்த முதல் அனுமதிச் சீட்டு இதுதான். நொக்ஸ் எந்த வழியாகத் தப்பினார் என்பதும் கவனிக்க வேண்டியது. அவர் காடு வழியே மல்வத்து ஓயாவைப் பின்தொடர்ந்து, 1679 ஒக்டோபரில் மன்னார்க் கரையிலிருந்த ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதே கரையில் இறங்கி, எதிர்த்திசையில் கண்டி நோக்கி நடந்தவர்கள் தமிழ்க் கூலியாட்கள்.

முட்கதவு இருந்த அதே நாட்டில் அம்பலமவும் இருந்தது. நான்கு பக்கமும் திறந்து, மரத்தூண்களின் மேல் கூரை தாங்கி நிற்கும் வழிப்போக்கர் மண்டபம் அது. தூண்களை இணைக்கும் தடித்த உத்தரங்களே இருக்கை; இரவானால் அவையே படுக்கை. எம்பெக்கையில் ஒன்றின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. பனாவிட்டிய, கரகஹகெதர ஆகிய இடங்களில் மரமண்டபங்கள் பேணப்படுகின்றன. அவற்றோடு சேர்ந்து, வழிப்போக்கர் அள்ளிக் குடிக்கப் பானையில் தண்ணீர் நிரப்பி வைக்கும் வழக்கமும் இருந்தது. ஊரார் கூடிக் கட்டுவது, ஊரார் கூடித் தண்ணீர் வைப்பது, அதைப் புண்ணியக் கணக்கில் சேர்ப்பது என்பதெல்லாம் தமிழருக்குப் புதிதல்ல. தண்ணீர்ப் பந்தலும் சுமைதாங்கிக் கல்லும் ஆவுரஞ்சிக் கல்லும் யாழ்ப்பாணத்து வீதிகளின் அடையாளங்கள். பருத்தித்துறையில் வீதியின் மேலேயே கூரை போட்டு நிற்கும் தெருமூடிமடம் இந்தச் சிந்தனையின் தமிழ் வடிவம். இங்கே ஒரு மறுப்பு எழும். அம்பலமவும் மடமும் எல்லாருக்கும் திறந்தே இருந்தன என்று நம்புவது பழமையை வெள்ளையடிப்பதாகாதா? சாதி அங்கேயும் உட்கார்ந்திருந்ததே? இருந்தது. யார் எந்த உத்தரத்தில் அமரலாம், யார் கையால் தண்ணீர் வாங்கலாம் என்பதில் ஊர் வழக்கம் தன் கண்டிப்பை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் சாதியின் கண்டிப்பு அம்பலமவோடு பிறந்ததல்ல, ஊரிலிருந்து அங்கே வந்தது. அம்பலமவின் அமைப்பில் கதவு இல்லை, காவல் இல்லை, சீட்டு இல்லை. நிற்பவன் தன் விருப்பத்தில் நின்றான், தன் விருப்பத்தில் எழுந்து போனான். பின்னால் வந்த நிறுத்தங்களை எடைபோட இந்த ஒரு வேறுபாடு போதும்.

பார்ன்ஸ் போட்ட வீதி இந்த இரு மரபுகளையும் எடுத்துக்கொண்டு இரண்டையும் மாற்றியது. வீதி வேலைக்கு ஆள் கிடைத்தது இராஜகாரியத்தின் மூலம். மன்னருக்குச் செய்துவந்த கட்டாய ஊழியத்தை ஆங்கிலேயர் தம் கைக்கு மாற்றிக்கொண்டார்கள். கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832இல் அது ஒழிக்கப்படும்போது கண்டி வீதியின் பெரும்பகுதி வேலை முடிந்துவிட்டது. கடுகண்ணாவையில் குடைந்த பாறைக்குப் பக்கத்தில் ஓட்டுக்கூரையோடு ஓர் அம்பலமவும் எழுந்தது. அது இன்றும் நிற்கிறது. ஆனால் புதிய வீதியின் முதன்மையான தங்குமிடம் அதுவல்ல, றெஸ்ட்ஹவுஸ். அம்பேபுஸ்ஸ போன்ற இடங்களில் அமைந்த இந்த விடுதிகளில் கட்டில், சமையற்காரர், குதிரைக்கு லாயம் எல்லாம் இருந்தன. அரசு உத்தியோகத்தருக்கும் ஐரோப்பியருக்கும் முதலிடம். அம்பலம சுமைகாரருக்கும் வண்டிக்காரருக்கும் என்றானது. ஒரே வீதியில், ஒரே ஏற்றத்தில், இரண்டு வகை ஓய்வு. இடையிடையே சுங்கச் சாவடிகள். கரத்தை வண்டி ஒவ்வொன்றும் நின்று பணம் கட்டிவிட்டுத்தான் நகர முடியும். இராஜகாரியம் போய்ப் பதினாறு ஆண்டுகூட ஆகாத நிலையில், 1848இல் வீதிச் சட்டம் வந்தது: 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த தோட்டக் கூலியாட்களுக்கு அதில் விலக்கு. அவர்களின் உழைப்பு ஏற்கெனவே கோப்பித் தோட்டத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது என்பதே அந்த விலக்கின் பொருள். அந்த ஆண்டு யூலையில் கண்டிச் சிங்களவர் கிளர்ந்தெழுந்தபோது தம்புள்ளையிலும் மாத்தளையிலும் பற்றிய நெருப்புக்கு இந்தச் சட்டமும் ஒரு விறகு. வீதி தம்முடையதல்ல என்பதை அந்த மக்கள் கிளர்ச்சியால் சொன்னார்கள்.

வீதியில் நிறுத்துவதை அரசின் ஏகபோக உரிமையாக விட்டுவைக்க எல்லாரும் ஒப்பவில்லை. மாவனெல்லைக்கு அருகே ஊத்துவன்கந்தைக் குன்றில் மறைந்திருந்து வண்டிகளை நிறுத்திக் கொள்ளையடித்தவன் சரதியேல். அவனுடைய கூட்டாளி மம்மலே மரிக்கார். இருவரும் 1864இல் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களைப் பிடிக்கப் போனபோது நடந்த மோதலில், 1864 மார்ச் 21ஆம் திகதி சபான் என்ற கான்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தார். கடமையின்போது உயிரிழந்த முதல் பொலிஸ்காரர் அவர் என்று இலங்கைப் பொலிஸ் அந்த நாளை இன்றும் நினைவுகூருகிறது. பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று சரதியேலை மக்கள் கதைகள் கொண்டாடுகின்றன. அது எவ்வளவு உண்மை என்பதைவிட, அப்படி ஒரு கதை ஏன் அந்த இடத்தில் முளைத்தது என்பதே நம் கேள்விக்கு உதவும். கோப்பி மூட்டை ஏற்றிய கரத்தைகள் கொழும்புக்கு இறங்கின. அரிசி மூட்டைகளோடு அவை திரும்பி ஏறின. கிராமத்தவரின் கண்ணெதிரே செல்வம் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது சுங்கமும் ஆறு நாள் வேலையும். அதற்கு முன் தவளம் கட்டிப் பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றி, பாக்கும் மிளகும் இறக்கிய முஸ்லிம் வணிகர்கள் ஊர் ஊராகத் தங்கித்தான் போனார்கள்; 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் துரத்தியவர்களுக்கு மன்னன் செனரத் இடம்கொடுத்த காலத்திலிருந்தே அந்தத் தொடர்பு உண்டு. பொதிமாட்டின் வேகத்தில் ஒவ்வொரு ஊரும் வணிகத்தில் ஒரு பங்கு பெற்றது. வண்டியின் வேகத்தில் ஊர்கள் பார்வையாளர்களாயின. 1867இல் ரயில் கண்டியை எட்டியதும் வண்டிக்காரர்களே பார்வையாளர்களாகிவிட்டார்கள்.

ஆனால் கண்டிக்குப் போன பெருந்திரள் கொழும்பு வீதியால் போகவில்லை. யாழ்ப்பாணத்தவர் இன்றும் கண்டி வீதி என்றே சொல்லும் வடக்குப் பாதையின் தென்பாதியில், காட்டு வழியே அவர்கள் நடந்தார்கள். 1820களில் கம்பளைப் பக்கம் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிடத் தொடங்கிய நாள் முதல் கண்டிச் சீமைக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆள்கட்டும் கங்காணி தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரைப் பக்கத்து ஊர்களில் முன்பணம் கொடுத்துத் திரட்டினான். இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறித் தலைமன்னாரிலோ அரிப்பிலோ இறங்கி, அநுராதபுரக் காடுகள் வழியாக மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல் நடை. கோப்பி ஆண்டு முழுவதும் ஆள் கேட்கும் பயிரல்ல. ஆவணி, புரட்டாசியில் பழம் எடுக்கத் தொடங்கினால் மார்கழி, தையோடு வேலை ஓய்ந்துவிடும். ஆகவே குளிர்காலத்தில் இந்தப் பாதை இறங்குவோரின் பாதை. மிச்சம் பிடித்த கூலியோடும், பலருக்குக் கடன் மட்டுமே மிச்சமாகவும், வடகீழ்ப் பருவமழை நிரப்பிய ஆறுகளையும் குளக்கரைச் சேற்றையும் தாண்டி ஊருக்குத் திரும்பியவர்கள் அவர்கள். கொழும்பிலிருந்து ஐரோப்பியரோ குளிர் தேடி மலைக்கு ஏறினார்கள். ஒருவர் உல்லாசம் தேடினார், மற்றவர் கூலிக்கு உழைத்தார். இரண்டும் ஒரே மலையில் நிகழ்ந்தன.

இந்த வடக்குப் பாதையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது நெடுநாள் வழக்கு. 1841 முதல் 1849 வரை வந்தவர்களில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 70,000 பேர் மடிந்தார்கள் என்று 1849இல் கொழும்புப் பத்திரிகையொன்று எழுதியது. அந்த எண்ணை அப்படியே ஏற்பது சரியல்ல. வந்தவர் தொகையிலிருந்து திரும்பியவர் தொகையைக் கழித்துப் போட்ட கணக்கு அது. பதிவில் அகப்படாமல் திரும்பியவர்களும் தங்கிவிட்டவர்களும் அதில் இறந்தவர்களாகிவிடுகிறார்கள். ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டியிருப்பது நியாயமே. எனினும் எண்ணைக் குறைப்பதால் குற்றச்சாட்டு விழுந்துவிடாது. வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பாதையோரம் ஆட்களைக் கொன்றன என்பதை அரசே மறுக்கவில்லை. மறுத்திருந்தால் 1850களின் கடைசியில் இந்தப் பாதையில் தங்கு கொட்டகையும் கிணறும் மருத்துவமனையும் அமைக்க வேண்டிய தேவை எழுந்திருக்காது. கொழும்பு வீதியில் றெஸ்ட்ஹவுஸ் எழுந்தது 1820களில். வடக்குப் பாதையில் கூலியாளுக்கு ஓலைக் கொட்டகை எழுந்தது அதற்கு முப்பது ஆண்டு கழித்து. அந்தப் பாதையால் வந்தவர்கள்தான் கோப்பியைப் பறித்தார்கள்; அந்தக் கோப்பிதான் தீவின் வருமானத்தைப் பெருக்கியது; அந்த வருமானம்தான் வீதிகளைப் பேணியது. செல்வத்தைத் தூக்கிவந்தவர்களுக்கு நிழல் கடைசியாகத்தான் கிடைத்தது. அரசு மறந்த இடத்தில் அவர்களே தமக்கு ஓர் ஓய்விடம் அமைத்துக்கொண்டார்கள். மலைநாட்டின் வாசலான மாத்தளையில், வந்து இளைப்பாறிய மரத்தடியில் வைத்து வணங்கிய அம்மனே முத்துமாரியம்மன் கோயிலாக வளர்ந்ததென்று சொல்வார்கள். அம்மை தந்த பயத்துக்கு அம்மைக்குரிய தெய்வத்தையே நிறுவிக்கொண்ட இடம் அது. மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும் பெருங்கோயில் இன்று.

கூலியாளை நிறுத்தியதற்கு நோய்த்தடுப்பு என்ற காரணம் உண்டே, அதைக் கொடுமை என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கொள்ளைநோய் பரவியதும் உண்மை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் பிளேக் பரவியபோது கண்காணிப்பில்லாமல் ஆளை விட்டிருந்தால் இலங்கையின் கிராமங்களும் தோட்டங்களும்தான் முதலில் அழிந்திருக்கும். வடக்குப் பாதையை மூடிவிட்டு, முதலில் றாகமை முகாமிலும் பின்னர் மண்டபம் முகாமிலும் தோட்ட ஆட்களைத் தங்கவைத்துச் சோதித்தபின் அனுப்பியதில் மருத்துவ நியாயம் இருந்தது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவை தொடங்கியபின் 150 மைல் நடை ரயில் பயணமானதும் உண்மையான நன்மையே. ஆனால் அந்தக் காலத்தில் வந்த தகரத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் நோய்த்தடுப்பு எங்கே முடிகிறது என்பது தெரியும். 1901இல் தொடங்கிய முறை அது. காசு அளவுள்ள ஒரு தகடு; அதில் மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும்; கயிறு கோத்து அணிந்துகொள்ளத் துளையும் உண்டு. அதைக் காட்டினால் ரயிலும் கப்பலும் ஏற்றிக்கொள்ளும். செலவு தோட்டத்தின் கணக்கில் விழுந்து, கங்காணி வழியாகக் கூலியாளின் கடனில் வந்து சேரும். ஒருவருக்கு நோயில்லை என்பதை உறுதிப்படுத்த மருத்துவச் சோதனையின் அத்தாட்சி போதும். அவர் எந்தத் தோட்டத்துக்குச் சொந்தம் என்ற எண் தேவையில்லை. நொக்ஸ் கண்ட களிமண் முத்திரையில் இரு பை சுமந்து செல்லும் கூலியாளின் உருவம் இருந்தது. தகரத்தில் உருவமும் போய் எண் மட்டும் எஞ்சியது. மன்னனின் மண் ஒருவனை வகைப்படுத்தியது. துரைமாரின் தகரம் அவனைப் பொருளாக்கியது.

போய்ச் சேர்ந்த இடத்திலும் வீதி அவர்களுக்குத் திறக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வாகனங்கள் பெருகியதும் கண்டி வீதியோரத்தில் தேநீர்க் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் முளைத்தன. நகரத்தார் நிற்க விரும்பிய இடத்தில் நின்றார்கள். கோப்பிக்குப் பின் வந்த தேயிலைத் தோட்டத்தின் பாதையோ தனியார் சொத்து. வெளியாள் உள்ளே போனால் அத்துமீறல் வழக்கு; உள்ளிருப்பவர் வெளியேறி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பற்றுச்சீட்டு என்ற விடுவிப்புச் சீட்டு வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் தொழிலாளரைச் சந்திப்பதற்காகப் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்று சொல்லப்படுவது இந்தப் பின்னணியில்தான். பெரிய வீதியில் ஓடும் பஸ்ஸை லயத்து வாசலிலிருந்து பார்க்கலாம். அதில் ஏறுவதற்குப் பல வாசல்களில் விடை பெற வேண்டும். 1948இல் குடியுரிமையே பறிபோனது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவுசெய்தது. மூன்று தலைமுறை மலையில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் முன்னோர் வந்த அதே தலைமன்னார் வழியாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1983க்குப்பின் மண்டபம் முகாம் ஈழத்து அகதிகளின் முகாமானது. நிறுத்திவைக்கும் இடமொன்று ஒரு நூற்றாண்டில் தன் தொழிலை விடவேயில்லை.

வடக்கில் கண்டி வீதி எனப்படும் ஏ-9 வீதியில் போர்க்காலத்தில் பயணம் செய்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வவுனியாவில் வதிவு பாஸ், ஓமந்தையில் இறக்கி ஏற்றிச் சோதனை, அந்தப் பக்கம் புலிகளின் எல்லையில் அவர்களுடைய பாஸும் வரியும். களிமண்ணும் தகரமும் காகிதமாக மாறின. வழிப்போக்கர் எந்த வகை ஆள் என்று முன்கூட்டியே முடிவுகட்டும் வேலை மாறவில்லை. 2002 ஏப்ரலில் வீதி திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, போருக்குப் பின்னர் மீண்டும் திறந்தது. பாதையின் அகலமோ தாரின் தரமோ இந்தத் திறப்பையும் மூடலையும் தீர்மானிக்கவில்லை. தரமான வீதி சுதந்திரமான பயணத்தைத் தானாகவே கொண்டுவரும் என்ற பார்ன்ஸ் காலத்து நம்பிக்கைக்கு இதைவிட வெளிப்படையான மறுப்பு கிடையாது.

இவ்வளவையும் ஒரே நூலில் கோப்பது அநியாயம் என்று ஒருவர் சொல்லலாம். மன்னனின் காவல், ஆங்கிலேயரின் சுங்கம், மருத்துவ முகாம், போர்க்காலச் சோதனைச் சாவடி ஆகியவை வெவ்வேறு காரணங்களால் பிறந்தவை. அவற்றைச் சமமாக்கினால் வரலாறு வெறும் புலம்பலாகிவிடும். சமம் என்பது இங்கே வாதமல்ல. கண்டி மன்னனுக்குத் தன் நாட்டைக் காக்கும் தேவை இருந்தது. படையெடுத்து வந்தவர்களை அவன் பலமுறை திருப்பி அனுப்பியதற்கு அந்த ஒடுங்கிய பாதைகளும் காரணம். பார்ன்ஸின் வீதி இல்லாமல் மலைநாட்டுக்கு மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் அஞ்சலும் அவ்வளவு விரைவில் வந்திருக்காது. கொழும்புக்கும் கண்டிக்கும் நடுவே இன்று வாழ்வு நடத்தும் ஆயிரக்கணக்கான கடைக்காரருக்கு அந்த வீதியே வயல். இவை பெரிய நன்மைகள். வாதம் வேறு: ஒவ்வொரு காலத்திலும் நிறுத்துவதற்கு ஒரு நல்ல காரணம் கையில் இருந்தது, அந்தக் காரணத்தின் சுமை மட்டும் ஒரே பக்கம் சாய்ந்தது. நாட்டைக் காத்த முட்கதவிலும், வருமானம் சேர்த்த சுங்கத்திலும், நோயைத் தடுத்த முகாமிலும், பாதுகாப்பு தேடிய சாவடியிலும் நெடுநேரம் நின்றவர் நடந்து வந்தவரே, சுமந்து வந்தவரே. காரணங்கள் மாறியும் நிற்பவர் மாறவில்லை என்றால், அந்தக் காரணங்களை மட்டும் விளக்கிவிட்டு வரலாற்றை முடித்துக்கொள்ள முடியாது.

2023இல் மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு நிறைவையொட்டி ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில் ஒரு நடைப்பயணம் நிகழ்ந்தது. யூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு, மன்னார், மதவாச்சி, தம்புள்ளை வழியாக ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். அன்றாடம் நடந்து, அன்றிரவு ஓர் ஊரில் தங்கி, மறுநாள் புறப்பட்டார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வழியில் வரவேற்றார்கள். முன்னோர் நடந்த பாதையில் அவர்கள் அனுபவித்தது முன்னோருக்குக் கிடைக்காத ஒன்றை: விரும்பிய இடத்தில் நின்று, வழியிலிருப்பவரோடு பேசி, யாருக்கும் சீட்டுக் காட்டாமல் மேலே போகும் உரிமையை. நினைவுகூருவதற்கு இதைவிடப் பொருத்தமான வழி இருக்க முடியாது. ஆனால் ஒரு நடைப்பயணம் செய்வதை ஒரு நாடும் செய்ய வேண்டும். கடுகண்ணாவையில் வீதி வகுத்தவருக்குக் கோபுரம் இருப்பதுபோல, வடக்குப் பாதையின் கொட்டகைகளும் கிணறுகளும் இருந்த இடங்களைப் பழைய ஆவணங்களிலிருந்து கண்டறிந்து குறிக்க வேண்டும். பள்ளிப் பாடநூலில் பார்ன்ஸும் டோசனும் வரும் பக்கத்திலேயே தகரத் துண்டும் வர வேண்டும். மார்கழி விடுமுறையில் மலையேறும் குடும்பம் ஹலப்ப வாங்க நிற்பதில் குற்றமேதும் இல்லை. அப்படி நிற்க முடிவதே ஒரு நல்ல நாட்டின் அடையாளம். அந்தச் சுதந்திரம் வீதியோடு சேர்ந்து வரவில்லை, வீதியில் நிறுத்தப்பட்டவர்களுக்கு அது கடைசியாக வந்தது, இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. கண்டி வீதியின் வரலாற்றை எழுதுகிறவர் இந்த வரிசையை மாற்றி எழுதக் கூடாது.